கள்ளுக்கடையும் டிரெசர் ஆஸ்பத்திரியும்

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் செம்பனை பரவுவதற்கு முன் கண்ணுக்கெட்டிய தூரம் கித்தா எனும் ரப்பர் மரங்கள்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஓர் ஆள் முன்னூறு மரத்துக்கு மேல் சீவ வேண்டும். வெட்டு அடிமரத்தில் இருந்தால் இடுப்பை மடிக்க வேண்டும். மேலே இருந்தால் கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, ஸ்டோர் வரை தோளில் சுமக்க வேண்டும். பெண்களும் இதே பாரத்தைத்தான் சுமந்தார்கள்.

இந்த உடம்பு வலிக்குத் தோட்டத்தில் போக்கிடம் இரண்டு. ஒன்று டிரெசர் ஆஸ்பத்திரி, மற்றொன்று கள்ளுக்கடை.

தோட்டங்கள் ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. ஆனால் அங்கே அன்றாடம் இருந்தவர் டாக்டர் அல்ல, டிரெசர்தான். காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார். டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நிலங்களை வடியவைத்து மலேரியாவை அடக்கியது பெரிய சாதனை. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியது. காய்ச்சல் ஆட்களைக் கொன்றது, அதனால் அதற்குப் பதிவேடு இருந்தது. இடுப்பு வலி யாரையும் கொல்லவில்லை. மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்கிறவனின் வலியை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதப்படாத அந்த வலிதான் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனது. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்கு வலியை மறக்கடிக்கும் அந்த வேலையை அபின் செய்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1910 முதல் சண்டு எனும் புகைக்கும் அபின் விற்பனையை அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டது. கூலியாகக் கொடுத்த காசு வலியின் வழியாக, கள்ளுக்கடை நடத்திய முதலாளிகளிடமும் அபின் விற்ற அரசாங்கக் கஜானாவுக்கும் திரும்பிப் போன ஏற்பாடு இது. தோட்டத் தமிழனைக் குடிகாரன் என்று ஏசியவர்கள் இதை ஒருபோதும் சேர்த்துச் சொன்னதில்லை.

தொழிலாளர்கள் சொன்னார்கள். 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சீனர்களுக்கு இணையான சம்பளம் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி வேண்டும் என்றும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். தங்கள் வலிக்கு எது மருந்து, எது மருந்தல்ல என்று அவர்களே பிரித்துச் சொன்ன இடம் அது. மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, பட்டாளம் இறங்கியது, ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

லயத்து வீடுகளுக்கு நிவாரணம் கடைத்தெரு வழியாகவும் வந்தது. ரங்கூனில் பிறந்து 1926-இல் சிங்கப்பூருக்கு வந்த டைகர் பாம், 1928-இல் அங்கேயே தொடங்கிய கம்பெனியின் கோடாலித் தைலம் இரண்டும் மலாயா முழுவதும் பரவின. வலி மாத்திரைகளில் ஆஸ்பிரின் 1897-இல் ஜெர்மனியில் உருவானது. பாராசிட்டமாலை 1878-இலேயே தயாரித்திருந்தும், அதன் அருமை 1948-க்குப் பிறகுதான் தெரிந்தது. 1956-இல் பெனடோல் என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த அந்த மாத்திரை, இன்று பந்திங் மளிகைக் கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்கிறது. ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் ஈரல் கெடக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பெயர் தெரியாத ஜாமு மூலிகைப் பொட்டலங்கள். அவற்றில் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி சீக்கிரமே போய்விடும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காண்டா சுமந்து தேய்ந்த முழங்கால்களைத்தான் இந்த வியாபாரம் குறிவைக்கிறது.

கடும் வலிக்கு முறையான மருத்துவமும் இன்று உண்டு. புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை வாய்வழியாக, நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்தது. 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறது. அபினிலிருந்து எடுத்த மருந்து என்றதும் பல குடும்பங்கள் தயங்குகின்றன. பழக்கமாகிவிடும், உயிர் சீக்கிரம் போய்விடும் என்று பயப்படுகின்றன. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் இடமில்லை. வலி தணிந்தவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார்.