கிட்னி புதுசு, நீர்ப்பை பழசு

உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்டு கிட்னியைத் தொலைத்தவர்களின் வரலாறு இது. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பெண்கள் சிலருக்கு சிறுநீரகம் மளமளவென்று செயலிழந்தது. விசாரித்தால், எல்லாரும் ஒரே கிளினிக்கில் இளைப்பதற்கு மருந்து வாங்கியவங்க! வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரின் குழு 1993-ல் லான்செட் இதழில் இதை எழுதியது.

நடந்தது பெயர்க் குழப்பம். மருந்தில் சேர வேண்டியது 'ஹான் ஃபாங் ஜி' என்ற சீன மூலிகை. சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி'. இது அரிஸ்டோலோக்கியா இனம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். ஆடே தீண்டாதுன்னு பேர் வைத்தவர் சும்மா வைக்கலை!

இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிட்னியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. செல்லின் டிஎன்ஏவிலும் ஒட்டிக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட 39 பேரின் பழைய கிட்னிகளையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்கு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். இது வெளியானது 2000-ல்.

சரி, பழசை எடுத்தாச்சு, மாற்று கிட்னியும் வைச்சாச்சு, தப்பிச்சாங்கன்னு நினைப்போம் இல்லையா? அங்கதான் விஷயமே. நீர்ப்பை பழசாச்சே! குழாயின் உட்சவ்வும் நீர்ப்பையின் உட்சவ்வும் ஒரே வகை. போதாததற்கு, புது கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்தாக வேண்டும். புற்றுசெல்லைக் கண்டு அழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான்.

2008-ல் வந்த ஆய்வின் கணக்கு என்னை உலுக்கியது. இப்படி மாற்று கிட்னி பெற்ற 38 பேரில் 15 பேருக்கு நீர்ப்பையில் புற்றுநோய். அதுவும் மூலிகையை நிறுத்தி 5 வருஷத்துக்கு மேலே ஆன பிறகு. சிலருக்கு 14 வருஷம் வரை கழித்து! ஆறு மாசத்துக்கு ஒருமுறை நீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவும் தெரிய வந்தது.

இந்த இன மூலிகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-லேயே அறிவித்துவிட்டது.

எனக்குப் புரிந்தது இதுதான். மாற்று கிட்னி வைப்பதோடு கதை முடிவதில்லை. பழைய கிட்னி எதனால் போச்சு என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வலியே இல்லாவிட்டாலும் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்க. 'மூலிகைதானே, என்ன செஞ்சிடும்'னு யாராவது சொன்னா, பிரஸ்ஸல்ஸ் கதையைச் சொல்லுங்க.