மகத்தில் கோபத்துக்கும் கணக்கு இருந்தது
1927 மார்ச் 20. மகத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரோடு தண்ணீர் குடித்தவர்களைச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் அங்கே கூடினார்கள். இம்முறை நீதிமன்றத் தடை இருந்தது. மீறுவதா, பொறுப்பதா?

‘உணர்ச்சிவசப்படாதீங்க தோழர்’ என்று நம் கூட்டங்களில் நாம் வாயடைக்கிறோமே, அங்கே அது நடக்கவில்லை. மேடையிலேயே விவாதித்தார்கள். சிறை செல்லத் துணிந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். எத்தனை பேருடைய கோபம் என்பது தெரிந்த பிறகே முடிவு. எங்களைக் கேட்டால், அந்தப் பட்டியல்தான் மகத்தின் பெரிய பாடம். 25ஆம் தேதி மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள்; நீதிமன்றத் தடைக்குள் அடங்காத நெருப்பு அது. சத்தியாகிரகத்தை ஒத்திவைத்து, தண்ணீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள்.

பலருக்கு அது கசந்திருக்கும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வென்றது 1937இல்தான்.