பட்டனுக்குக் கீழே ஒளிந்திருந்த ஒப்பந்தம்

நேற்று மொபைலில் ஒரு செயலியை இறக்கினேன். வழக்கம்போல ‘ஏற்கிறேன்’ என்று ஒரு தட்டு. படிச்சேனா? ம்ஹூம். நீங்களும் படிச்சிருக்க மாட்டீங்க. அப்போ அந்த ஒப்பந்தம் செல்லுமா? கொஞ்சம் தேடிப் பார்த்ததில் இரண்டு அமெரிக்க வழக்குகள் சிக்கின.

முதலாவது, 1996. புரோசிடி நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட தொலைபேசி டைரக்டரிகளைத் தொகுத்து சிடியாக விற்றது. மலிவான வீட்டு உபயோக சிடியைக் கடையில் வாங்கிய சைடன்பெர்க், அதிலிருந்த தகவலை இணையத்தில் ஏற்றிக் காசு பார்த்தார். நிபந்தனைகள் பெட்டிக்குள்ளேதானே இருந்தன என்பது அவர் தரப்பு. நீதிபதி ஈஸ்டர்புரூக் ஏற்கவில்லை. உள்ளே நிபந்தனை உண்டு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, மென்பொருளை ஓட்டும்போது திரையிலும் வருகிறது, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தம் செல்லும்!

அடுத்தது, 2002. நெட்ஸ்கேப் நிறுவனம் ‘ஸ்மார்ட்டவுன்லோடு’ என்ற இலவச மென்பொருளைக் கொடுத்தது. அது நம் இணைய நடமாட்டத்தை உளவு பார்க்கிறது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். ‘கோர்ட்டுக்கு வர முடியாது, மத்தியஸ்தத்துக்குத்தான் போகணும்னு ஒப்புக்கிட்டீங்களே’ என்றது நெட்ஸ்கேப். எங்கே ஒப்புக்கொண்டார்கள்? டவுன்லோடு பட்டனையும் தாண்டி, பக்கத்தைக் கீழே உருட்டினால்தான் கண்ணில் படும் ஒரு வரியில்! இதைக் கேட்ட நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்ற சோனியா சோட்டோமேயர். நிபந்தனை இருப்பதே தெரியாதபோது, பட்டனை அழுத்தியது சம்மதம் ஆகாது. ஒப்பந்தம் செல்லாது.

நம்மூரில்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் கொண்டுவந்த திருத்தத்தில் 10ஏ பிரிவு சேர்ந்தது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது அது. ஆனால் சம்மதம் என்றால் என்ன என்பதற்கு நாம் 1872-ன் ஒப்பந்தச் சட்டத்துக்குத்தான் போகணும். இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது அதன் 13-வது பிரிவு.

ஆக, அந்த இரண்டு வழக்கிலும் முடிவைத் தீர்மானித்தது ‘படித்தாயா?’ என்பதல்ல, ‘படிக்க வாய்ப்பு இருந்ததா?’ என்பதுதான்.

எனக்கு நேற்று வாய்ப்பு இருந்தது. நிபந்தனை கண்ணெதிரேயே இருந்தது. இன்று உட்கார்ந்து படித்தேன். பதினோராவது பத்தியில் அதே மத்தியஸ்தம்! நெட்ஸ்கேப் வழக்குக்காரர்கள் போராடிக் காப்பாற்றிக்கொண்ட உரிமையை, நான் ஒரே தட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.