பள்ளிகள் மன்றம் (இங்கிலாந்து, வேல்ஸ்)

பள்ளிகள் மன்றம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964 முதல் 1984 வரை இயங்கிய கல்வி அமைப்பு. பாடத்திட்டத்துக்கும் தேர்வுகளுக்குமான பள்ளிகள் மன்றம் என்பது இதன் முழுப்பெயர். மத்திய அரசு, உள்ளாட்சிக் கல்வி அமைப்புகள், ஆசிரியர் சங்கங்கள் ஆகிய தரப்புகள் ஒன்றாக அமர்ந்து, பள்ளியில் என்ன கற்பிப்பது, அதைத் தேர்வுகளில் எப்படி மதிப்பிடுவது என்று ஆராய்வதற்காக இது அமைக்கப்பட்டது. இதன் குழுக்களில் ஆசிரியர்களுக்கே பெரும்பான்மை இருந்தது. அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் சங்கங்களே பிரதிநிதிகளை நியமித்தன. தொழிற்சங்கத்தின் அக்கறை ஊதியத்தோடும் வேலைநேரத்தோடும் முடிந்துவிடுவதில்லை, வகுப்பில் சொல்லித்தரும் பாடத்திலும் அதற்குப் பங்கு உண்டு என்ற கொள்கை இருபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்ததற்கு இம்மன்றம் சிறந்த சான்று.

பின்னணி

இங்கிலாந்தில் ஆசிரியர் சங்கமும் பாடத்திட்டமும் தொடக்கம் முதலே பின்னிப்பிணைந்தவை. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பின்படி, பள்ளி ஆய்வாளர் குழந்தைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கையைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் கிடைக்கும். ஆசிரியரின் சம்பளம் பல இடங்களில் அந்த மானியத்தை நம்பியிருந்தது. சோதனைக்கு வராத பாடங்கள் வகுப்பில் பின்தள்ளப்பட்டன. 1870இல் தேசியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் உருவானபோது, இம்முறையை ஒழிப்பது அதன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1889இல் அது தேசிய ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1890களில் அந்த மானிய முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. சம்பளமும் பாடமும் ஒரே விதியால் கட்டுண்டிருந்த அந்த முப்பது ஆண்டுகள், இரண்டும் தங்கள் தொழிலுக்குரிய விவகாரங்களே என்ற பாடத்தை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தந்தன.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சமயக் கல்வியைத் தவிர வேறெந்தப் பாடத்தையும் கட்டாயமாக்கவில்லை. பாடத்திட்டம் பள்ளிகளின் பொறுப்பில் இருந்தது. ஆசிரியர் ஊதியம் 1919 முதல் பர்னம் குழுவில் பேசித் தீர்க்கப்பட்டது. 1960இல் நாடாளுமன்றத்தில் பேசிய கல்வி அமைச்சர் டேவிட் எக்கிள்ஸ், பாடத்திட்டத்தை யாரும் நுழையாத இரகசியத் தோட்டமாக வர்ணித்து, அமைச்சகம் இனி அதில் கருத்துச் சொல்லும் என்று உணர்த்தினார். 1962இல் அமைச்சகத்துக்குள்ளேயே பாடத்திட்ட ஆய்வுக்குழு ஒன்றை அவர் அமைத்தார்.

உருவாக்கம்

ஆய்வுக்குழுவுக்கு உடனே எதிர்ப்புக் கிளம்பியது. தேசிய ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ரொனால்ட் கூல்ட், உள்ளாட்சிக் கல்விக் குழுக்களின் கூட்டமைப்புச் செயலாளர் வில்லியம் அலெக்சாண்டர் இருவரும், பாடத்திட்டம் அரசு அதிகாரிகளின் கைக்குப் போகக்கூடாது என்பதில் ஒன்றுபட்டனர். ஊதிய மேசையில் எதிரெதிரே அமரும் இரு தரப்பும் இந்த விஷயத்தில் ஒரே அணியில் நின்றன. எக்கிள்ஸுக்குப் பின் அமைச்சரான எட்வர்ட் பாயில், எதிர்ப்பை மோதலாக வளரவிடாமல் 1963இல் அனைத்துத் தரப்பையும் அழைத்துப் பேசினார். சர் ஜான் லாக்வுட் தலைமையிலான பணிக்குழு அடுத்த ஆண்டு அளித்த பரிந்துரையின்படி, 1964 அக்டோபரில் மன்றம் தோன்றியது. 1917 முதல் இயங்கிவந்த இடைநிலைப்பள்ளித் தேர்வுக்குழுவின் பணிகளும் அமைச்சக ஆய்வுக்குழுவின் பணிகளும் அதனிடம் வந்து சேர்ந்தன. சர் ஜான் மாட் முதல் தலைவரானார்.

ஒவ்வொரு பள்ளியும் தன் பாடத்திட்டத்துக்கும் கற்பிக்கும் முறைக்கும் இயன்ற அளவு தானே பொறுப்பேற்க வேண்டும் என்பது மன்றத்தின் அடிப்படைக் கோட்பாடு. அதனால் அது எந்தப் பாடத்தையும் கட்டளையாகப் பிறப்பிக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது, பாடப்பொருள்களை உருவாக்கியது, அறிக்கைகள் வெளியிட்டது. ஏற்பதும் விடுவதும் பள்ளியின் விருப்பம்.

பாடத்திட்டப் பணிகள்

பள்ளியை விட்டு விலகும் வயது பதினைந்திலிருந்து பதினாறாக உயரப்போகிறது என்ற அறிவிப்பு மன்றத்தின் முதல் பத்தாண்டுகளின் திசையைத் தீர்மானித்தது. தள்ளிப்போய் 1972இல் நடைமுறைக்கு வந்த அந்த மாற்றத்தால், படிப்பில் ஆர்வமிழந்த பல்லாயிரம் பிள்ளைகள் மேலும் ஓராண்டு வகுப்பில் இருக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி அவசரமானது. நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்களை மன்றம் நடத்தியது. சிலவற்றில் நஃபீல்டு அறக்கட்டளையும் கைகோத்தது.

மைக்கேல் ஹாலிடே தலைமையில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த மொழித் திட்டத்திலிருந்து 1970இல் 'பிரேக்த்ரூ டு லிட்டரசி' என்ற வாசிப்புத் தொகுப்பு வந்தது. குழந்தையின் முன் மடிப்பு அட்டை ஒன்று இருக்கும். அதன் சிறு பைகளில் அச்சிட்ட சொல்லட்டைகள் செருகப்பட்டிருக்கும். தான் சொல்ல நினைத்த வாக்கியத்துக்கான சொற்களை எடுத்துக் குழந்தை ஒரு தாங்கியில் வரிசையாக நிறுத்தும். வேண்டிய சொல் அட்டையில் இல்லையென்றால் ஆசிரியர் வெற்று அட்டையில் எழுதித் தருவார். பாடப்புத்தகத்தின் வாக்கியத்தைப் படிக்கும் முன்பே, தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைக் குழந்தை படித்துவிடும்.

லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் இயக்கிய மனிதப் பண்பியல் பாடத்திட்டம் பதினான்கு முதல் பதினாறு வயது வரையிலான சராசரி மாணவர்களுக்கானது. போர், குடும்பம், வறுமை, சட்டமும் ஒழுங்கும் போன்ற தலைப்புகளில் செய்தித்துணுக்குகள், ஒளிப்படங்கள், இலக்கியப் பகுதிகள் அடங்கிய தொகுப்புகள் வகுப்புக்கு வரும். ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காமல் நடுநிலையான தலைவராக விவாதத்தை நடத்த வேண்டும். ஆசிரியரே தன் வகுப்பை ஆராயும் ஆய்வாளர் என்ற ஸ்டென்ஹவுஸின் கருத்து இங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

1972இல் லீட்ஸில் தொடங்கிய வரலாறு 13–16 திட்டம், மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதைவிடச் சான்றுகளை எடைபோடுவதை முன்னிறுத்தியது. அறிமுகப் பாடத்தில், இறந்துகிடந்த ஓர் இளைஞரின் பணப்பையில் இருந்த பொருள்களை வைத்து, அவர் யார், என்ன நேர்ந்திருக்கும் என்று மாணவர்கள் ஊகித்து வாதிட வேண்டும். இத்திட்டம் மன்றம் மறைந்த பின்னும் இங்கிலாந்தின் வரலாற்றுப் பாடத்தில் நிலைத்தது. ஐந்து முதல் பதின்மூன்று வயதினருக்கான அறிவியல் திட்டமும், பள்ளியைவிட்டுச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கான புவியியல் திட்டமும் குறிப்பிடத்தக்கவை. பல வட்டாரங்களில் ஆசிரியர் மையங்கள் தோன்றவும் மன்றத்தின் ஊக்கம் காரணமாயிற்று. பள்ளி முடிந்த மாலை நேரத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பாடங்களை எழுதிப் பார்த்த இடங்கள் அவை.

தேர்வுகள்

1965இல் நடைமுறைக்கு வந்த சி.எஸ்.இ. தேர்வு, ஓ-லெவல் என்ற உயர்தரத் தேர்வை எழுதாத மாணவர்களுள் பலருக்கானது. அதை நடத்திய வட்டார வாரியங்களில் பணியிலிருந்த ஆசிரியர்களின் கையே ஓங்கியிருந்தது. அதன் மூன்றாம் முறையில் பள்ளியே பாடத்திட்டத்தை வகுத்து, வினாத்தாள் தயாரித்து, விடைத்தாளைத் திருத்தும். வாரியம் தரத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும். மாணவரைத் தேர்வின் பெயரால் இரண்டாகப் பிரிப்பதை நிறுத்தி, பதினாறு வயதில் அனைவருக்கும் ஒரே தேர்வு வேண்டும் என்று மன்றம் 1976இல் பரிந்துரைத்தது. ஜி.சி.எஸ்.இ. என்ற பெயரில் அது 1988இல்தான் முதன்முறையாக நடந்தது.

விமர்சனங்கள்

மன்றத்தின் தொகுப்புகள் பள்ளி அலமாரிகளைச் சென்றடைந்த அளவுக்கு வகுப்புகளைச் சென்றடையவில்லை என்ற குறை உண்மையானது. திட்டக்குழு கலைந்ததும் புதிய முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவிக்க ஆளில்லாமல் போனது. தனித்தனிப் பாடங்களில் புதுமை செய்த மன்றம், ஒரு பிள்ளையின் மொத்தப் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் தொடவில்லை. சங்கங்களின் பெரும்பான்மை சில வேளைகளில் எச்சரிக்கையாக மாறித் துணிச்சலைத் தடுத்தது. மனிதப் பண்பியல் திட்டத்தின் இன உறவுகள் பற்றிய தொகுப்பை வெளியிட 1972இல் மன்றம் மறுத்தது அதற்கு எடுத்துக்காட்டு.

1976இல் கல்வித்துறை தயாரித்த மஞ்சள் புத்தகம் எனப்படும் உள்குறிப்பு, மன்றத்தின் செயல்பாட்டைச் சுமாரானது என்று மதிப்பிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18இல் ரஸ்கின் கல்லூரியில் பிரதமர் ஜேம்ஸ் காலகன் ஆற்றிய உரை, பாடத்திட்டத்தில் பெற்றோருக்கும் தொழில்துறைக்கும் அரசுக்கும் சொல்ல உரிமையுண்டு என்ற விவாதத்தைத் தொடக்கிவைத்தது. 1978இல் மன்றம் திருத்தியமைக்கப்பட்டது. நிதியும் முன்னுரிமைகளும் தனிக்குழுவிடம் போயின. ஆசிரியர் பெரும்பான்மை தொழில்சார் குழுவில் மட்டும் எஞ்சியது.

கலைப்பும் பின்விளைவுகளும்

ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஆன்ஸ் கல்லூரி முதல்வர் நான்சி ட்ரெனமன் மன்றத்தை ஆய்வு செய்து, அது தொடர வேண்டும் என்று 1981இல் பரிந்துரைத்தார். அதை மீறி அமைச்சர் கீத் ஜோசப் 1982 ஏப்ரலில் மன்றத்தைக் கலைக்கப்போவதாக அறிவித்தார். தேர்வுக்கு ஒன்று, பாடத்திட்டத்துக்கு ஒன்று என இரு தனி அமைப்புகள் அதன் இடத்துக்கு வந்தன. 1984இல் மன்றம் மூடப்பட்டது. பர்னம் குழு 1987இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஊதியம் பேசும் மேசை, பாடம் பேசும் மேசை இரண்டையும் சில ஆண்டுகளுக்குள் ஆசிரியர் சங்கங்கள் இழந்தன.

விளைவு 1993இல் தெரிந்தது. தேசியப் பாடத்திட்டச் சோதனைகளை ஆசிரியர் சங்கங்கள் புறக்கணித்தன. அவ்வாறு புறக்கணித்த ஒரு சங்கத்தின் மீது வான்ட்ஸ்வொர்த் உள்ளாட்சி மன்றம் வழக்குத் தொடுத்தது. சோதனைகளால் ஆசிரியரின் வேலைப்பளு கூடுவதால் இது சட்டப்படியான தொழிற்தகராறே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடத்திட்டத்தின் சுமையைக் குறைக்க சர் ரான் டியரிங் தலைமையில் மறுஆய்வு நடந்தது. அவருடைய பரிந்துரைப்படி அது சுருக்கப்பட்டது.

மதிப்பீடு

பள்ளிகள் மன்றத்தின் வரலாறு இரண்டு உண்மைகளை உறுதிப்படுத்துகிறது. கற்பிப்பவரைக் கலந்து எழுதிய பாடமே வகுப்பில் உயிர்பெறுகிறது. மன்றம் விட்டுச்சென்ற வாசிப்பு, வரலாறு, அறிவியல் திட்டங்கள் இதற்குச் சாட்சி. ஆசிரியர் குரலுக்கு மன்றத்தில் இடமில்லாமல் போனால், அது வேலைப்பளு வழக்காக நீதிமன்றத்துக்கும் புறக்கணிப்பாகத் தேர்வு அறைக்கும் போய்ச் சேரும். பெற்றோருக்கும் ஊர்ச் சமூகத்துக்கும் போதிய இடம் தராததும், புதுமையைப் பயிற்சியோடு இணைக்காததும் மன்றத்தின் குறைகள். அவற்றைத் திருத்தியிருக்கலாம். அமைப்பையே கலைத்தது, மருந்து போதவில்லை என்று மருத்துவமனையை மூடியதற்கு ஒப்பாகும். பாடத்திட்டம் வகுக்கும் எந்த நாடும் ஆசிரியர் சங்கங்களை எதிர்த்தரப்பாக வாசலில் நிறுத்தாமல், பொறுப்பும் வாக்கும் உள்ள உறுப்பினராக உள்ளே அழைக்க வேண்டும் என்பதே இந்த இருபது ஆண்டு அனுபவத்தின் சாரம்.