பெய்ரோனி நோய்: அறுவையில்லா மருந்துச் சிகிச்சை

ஆண்குறியின் உள்ளுறையில் தழும்புத் திசு தடித்து, விறைப்பின்போது குறி வளைந்துபோவது பெய்ரோனி நோய். பிறவி வளைவு இதில் சேராது. 1743இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனியின் பெயரே நோய்க்கு நிலைத்தது. உறவின்போது ஏற்படும் நுண்காயங்கள் சரியாக ஆறாமல் கொலாஜன் குவிவதே காரணம் எனக் கருதப்படுகிறது.

தொடக்கத்தில் வலி இருந்தால் அழற்சி எதிர்ப்பு மாத்திரை தருவார்கள்; அது வளைவை நிமிர்த்தாது. வைட்டமின் இ, டாமாக்சிஃபென் ஆகியவற்றை அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவற்றை விழுங்குவது வீண்செலவு.

தடிப்புக்குள் நேரடியாகப் போடும் ஊசியே பயன் தரக்கூடியது. கொலாஜனைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதிக்கு அமெரிக்கா 2013 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. இதைப் பெற 30 பாகைக்குக் குறையாத வளைவும் கைக்குத் தட்டுப்படும் தடிப்பும் இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு ஊசி, சுமார் ஆறு வார இடைவெளியில் அதிகபட்சம் நான்கு சுற்று. இரண்டாம் ஊசிக்குப் பின் மருத்துவர் குறியை வளைவுக்கு எதிர்ப்புறமாக மெல்ல இழுத்துப் பிடிப்பார். வீட்டில் நோயாளியும் அதைத் தொடர வேண்டும். வீக்கமும் கன்றிப்போதலும் சகஜம். 'டப்' என்ற ஓசையுடன் விறைப்பு தளர்ந்தால் உறை கிழிந்திருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வெரபமில், இன்டர்ஃபெரான் ஊசிகளும் உண்டு.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ்வாசிகள் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை பெற்றுப் பொது மருத்துவமனைச் சிறுநீரியல் நிபுணரைக் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். வெட்கத்தால் தள்ளிப்போடும் ஆண்களே அதிகம் அவதிப்படுகிறார்கள்.