பயனற்றது எனப்பட்ட உறுப்பு

எமது மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்னும் சுரப்பி ஒன்று உள்ளது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கும் இவ்வுறுப்பின் பணியை மருத்துவ உலகம் அறிந்துகொண்டது 1961 ஆம் ஆண்டிலேயே என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அதுவரை நிலவிய அறியாமையால் பாதிக்கப்பட்டோர் பச்சிளம் பாலகரே. முற்காலத்தில் உடற்கூற்றியலார் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் வறியோரின் சடலங்கள். நோயாலும் பட்டினியாலும் அவற்றில் தைமஸ் வற்றிக் கிடந்தது. அதுவே இயல்பான அளவு எனக் கொண்ட வைத்தியர்கள், நலமுள்ள குழந்தையின் சுரப்பியை வீக்கம் என்றனர். திடீர் மரணங்களுக்கும் அதனையே காரணமாக்கினர். 1907 முதல் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் குழந்தைகளின் சுரப்பிமீது எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்டது. இவ்வாறு சிகிச்சை பெற்றோரிடையே பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் தோன்றியதை 1950 இல் வெளியான ஆய்வொன்று சுட்டிக்காட்டியது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஜாக் மில்லர். 1931 இல் பிரான்ஸில் பிறந்து, ஷங்காயில் வளர்ந்து, போர்மேகம் சூழ்ந்த 1941 இல் குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தவர். தமக்கையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்த வேளையில், பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். வளர்ந்த எலிகளில் அகற்றியபோது பெருங்குறை ஏதும் தெரிந்ததில்லை. குஞ்சுகளோ மெலிந்து, தொற்றுக்கு இரையாகி மடிந்தன. வேற்றின எலியின் தோலை ஒட்டியபோதும் அவற்றின் உடல் அதனை எதிர்க்கவில்லை.

காரணம் பின்னர் படிப்படியாகத் தெளிவாயிற்று. என்புமச்சையில் பிறக்கும் இளங்கலங்கள் தைமஸுக்கு வந்து பயில்கின்றன. சுரப்பியின் வெளிப்பகுதியில், உடலின் அடையாள மூலக்கூறுகளை இனங்காண இயலாதவை மடிகின்றன. உட்பகுதியில், கணையம் முதலிய பிற உறுப்புகளின் புரதங்களும் அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. சொந்த உடலையே தாக்க முனைபவை அங்கு அழிக்கப்படுகின்றன. நூற்றுக்கு ஐந்து கூடத் தேறுவதில்லை. தேறியவையே நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ரி கலங்கள். இப்பயிற்சியின் பெரும்பகுதி இளமையிலேயே நடந்தேறிவிடும். வளர்ந்த எலிகள் தைமஸ் இன்றியும் வாழ்ந்தது அதனாலேயே.

ஆசிரியப் பணியில் காலங்கழித்த எமக்கு, இது எந்தப் பாடசாலையிலும் காணாத கடும்பரீட்சையாகத் தோன்றுகின்றது. ஆயினும் எம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. பட்டினியால் வாடிய உடலை அளவுகோலாக வைத்து, செழித்த குழந்தையை நோயாளி என்றனர். அளந்தவர்கள் கற்றோர், அளவுகோலே பிழை. அதனை உணர்ந்துகொள்ள அரை நூற்றாண்டு சென்றது.