குதிரையின் ஓநாய்ப்பல்: அகற்றுவதா, விடுவதா? பெங்களூருக் குதிரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பெங்களூரில் குதிரைகள் பல வேலைகளில் இருக்கின்றன. பெங்களூர் டர்ஃப் கிளப்பில் பந்தயக் குதிரைகள் ஓடுகின்றன. நகரின் வடபுறத்து எம்பஸி பன்னாட்டுக் குதிரையேற்றப் பள்ளி, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற ஃபவாத் மிர்சாவை உருவாக்கியது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் சவாரிப் பள்ளிகளுக்கு வருவதும் உண்டு. இவற்றின் வாயில் கடிவாள இரும்பு ஏறுமுன் எழும் கேள்வி ஒன்றே: ஓநாய்ப்பல்லை எடுத்துவிட வேண்டுமா? வழக்கம் கருதி எல்லாக் குதிரைக்கும் எடுப்பது சரியன்று. ஒவ்வொரு பல்லையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பல்லின் இயல்பு

2.1 தோற்றம்

ஓநாய்ப்பல் என்பது முதல் முன்கடைவாய்ப்பல். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, இலைதழை தின்ற சிறு மூதாதைக்கு அது பயன்பட்டது. புல்லை அரைக்கும் பெரிய கடைவாய்ப்பற்கள் வளர்ந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. இன்று சில குதிரைகளுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இராது. பெரும்பாலும் மேல்தாடையில், முதல் பெரிய கடைவாய்ப்பல்லை ஒட்டி முன்னால், ஒரு வயதை ஒட்டி முளைக்கும். கீழ்த்தாடையில் அரிது.

2.2 கோரைப்பல்லிலிருந்து வேறுபாடு

ஆண் குதிரைக்கு நான்கு, ஐந்து வயதில் முளைக்கும் கோரைப்பல் வேறு. அது வெட்டுப்பற்களுக்குச் சற்றுப் பின்னால் தனித்து நிற்கும், வேர் நீண்டது, வழக்கமாக அதை எடுப்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையற்ற பெரிய அறுவையில் போய் முடியும்.

3. கடிவாளமும் வலியும்

3.1 வலி பிறக்கும் விதம்

கடிவாள இரும்பு தங்குவது பல்லில்லாத ஈற்றின்மேல். லகானை இழுக்கும்போது கன்னத்தின் உட்சதை பின்னுக்குத் தள்ளப்பட்டு, இரும்புக்கும் பல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. இடம்பெயர்ந்த பல், கூர்மையான பல், ஆடும் பல் ஆகியவற்றால் வலி கூடும். ஈற்றுக்குள் மறைந்திருக்கும் ‘குருட்டுப்பல்’ இன்னும் தொல்லை தரும். மருத்துவர் அந்த ஈற்றின்மேல் விரலை ஓட்டினால் பட்டாணி போன்ற கடினமான மேடு தட்டுப்படும். சற்று அழுத்தினாலே குதிரை தலையை உதறும்.

3.2 ஒத்த அறிகுறிகள்

தலையை உதறுவது, ஒரு பக்கம் திரும்ப மறுப்பது, வாயைத் திறந்துகொண்டே ஓடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஓநாய்ப்பல்லே காரணம் என்று கொள்ள முடியாது. கடைவாய்ப்பல் விளிம்பு கூராகிக் கன்னத்தில் புண்ணாக்கலாம். இரண்டரை வயதளவில் முதல் கடைவாய்ப் பால்பல் விழும் பருவத்தில் ஈறு நோகலாம். இளம் பந்தயக் குதிரைகள் பயிற்சி பெறும் வயதும் இதுவே. முதுகுவலியும் சவாரி செய்பவரின் முரட்டுக் கையும் இதே அறிகுறிகளைத் தரும். இவற்றைப் பாராமல் பல்லைப் பிடுங்கினால், பல் போனபின்னும் வலி நீடிக்கும். குதிரைக்கு முரடு என்ற பெயரும் சேரும்.

4. இரு தரப்பு

எடுக்கச் சொல்வோர் காட்டும் காரணங்களில் வலுவுண்டு. இந்தப் பல் இல்லாததால் குதிரைக்கு இழப்பில்லை. இளவயதில் எடுப்பது எளிது. வயதானால் பல் எலும்போடு இறுகிவிடும். பயிற்சி நடுவே வலி வந்தால் கடிவாளத்தையே குதிரை வெறுக்கும்.

விடச் சொல்வோரின் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. சிறிதாய், உறுதியாய், கடைவாய்ப்பல்லை ஒட்டி நிற்கும் பல் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வேர் முறிந்து துண்டு உள்ளே தங்கினால் இல்லாத வலியை நாமே உண்டாக்கியவர் ஆவோம். பக்கத்தில் ஓடும் அண்ணத் தமனி கிழிபட்டால் குருதி பெருகும்.

5. எடுக்கும் முறை

குதிரையை நின்றபடியே மருந்தால் அமைதிப்படுத்தி, ஈற்றில் மரப்பு ஊசி போட்டு, பல்லைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவை நெம்புகருவியால் மெல்ல விடுவித்தபின்பே எடுக்க வேண்டும். பல்லின் இடமும் வேரின் நிலையும் ஐயமானால் எக்ஸ்ரே உதவும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றுவதால் தடுப்பூசி முறையாக இருத்தல் கட்டாயம். புண் ஆறும்வரை இரும்பு கூடாது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984 கால்நடை மருத்துவத் தொழிலைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியதாக்குகிறது. லாயத்தில் அனுபவசாலி என்ற தகுதி இதற்குப் போதாது.

6. முடிவுகள்

அ. குருட்டுப்பல், இடம்பெயர்ந்த பல், ஆடும் பல், கீழ்த்தாடை ஓநாய்ப்பல்: கடிவாளம் ஏற்றுமுன் எடுப்பதே நன்று.

ஆ. தொல்லையின்றி உரிய இடத்தில் நிற்கும் சிறு பல்: விட்டுவிட்டு, ஆண்டுதோறும் வாயைச் சோதிக்கலாம்.

இ. அறிகுறி இருந்தால் முதலில் முழு வாயையும், இரும்பின் அளவையும், சவாரியையும் ஆராய வேண்டும்.

ஈ. எடுத்த பல்லை, வேர் முழுமையாக வந்ததா என்ற குறிப்புடன், குதிரையின் மருத்துவப் பதிவேட்டில் எழுத வேண்டும். பந்தய லாயத்திலிருந்து சவாரிப் பள்ளிக்கு மாறும் குதிரை தன் வலியைச் சொல்லத் தெரியாதது. அதன் வாயில் என்ன நடந்தது என்பதைப் புதிய உரிமையாளர் அறிய அந்தப் பதிவே வழி.